கைவிடப்பட்ட ‘நம்பர் ஒன்’களை பேஸ்பால் அணிகள் ஏன் மறுபடியும் எடுக்கின்றன?

கேள்வி இது: பதினெட்டு வயதில் “நாட்டிலேயே இவன்தான் முதல்” என்று கொண்டாடப்பட்ட ஒரு பேஸ்பால் வீரர், இருபத்தாறு வயதாகியும் தேறவில்லை. எடுத்து வளர்த்த அணியே கைகழுவிவிட்டது. இரண்டாவது அணியும் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. அப்படியிருக்க மூன்றாவதாக ஓர் அணி வந்து அவரை ஏன் எடுக்கிறது? பழைய பெயருக்கு மயங்குகிறார்களா, நமக்குத் தெரியாத ஏதாவது அவர்களுக்குத் தெரிகிறதா?

பெயருக்கு மயங்குவதும் கொஞ்சம் உண்டு. ஊர் ஊராகப் போய்த் திறமை தேடுகிறவர்களும் மனிதர்கள்தான். பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்த பந்து மைதானத்து விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போனதை நேரில் பார்த்தவர் அதை ஆயுசுக்கும் மறக்கமாட்டார். ஆனால் மயக்கத்தை வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட முடியாது. பாதிக் காரணம் விதிப்புத்தகத்தில் இருக்கிறது. மீதிப் பாதி, எடுக்கிற அணியில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்பதில் இருக்கிறது. இப்படிப்பட்ட வீரர் தேறுவது புதிய பயிற்சியாளரின் மந்திரத்தால் என்று எழுதுவது பத்திரிகைகளுக்கு வசதி. எனக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. தொடர்ந்து ஆட இடம் கிடைத்ததா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

முதலில் இந்த ‘நம்பர் ஒன்’ பட்டம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். 1965 முதல் ஆண்டுதோறும் டிராஃப்ட் நடக்கிறது. பள்ளி, கல்லூரி வீரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுத்துக்கொள்கின்றன. தேர்வானவர் நேராக அமெரிக்க பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீக்கில் ஆடுவது மிக அபூர்வம். சிங்கிள்-ஏ, ஹை-ஏ, டபுள்-ஏ, டிரிபிள்-ஏ என்று மைனர் லீக்கின் படிகளை ஏறி வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் பந்தின் வேகமும் வளைவும் கூடும். பள்ளியில் யாரும் தொட முடியாதபடி எறிந்த பையன் டபுள்-ஏயில் தாறுமாறாக அடிவாங்குவது அன்றாடக் காட்சி. வீரரின் ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவது அங்கே பழைய வழக்கம். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அந்த மதிப்பெண் பெரும்பாலும் இன்றைய ஆட்டத்துக்கு அல்ல, ஐந்தாறு வருடம் கழித்து ஆடப்போகும் ஆட்டத்துக்குப் போடப்படுவது. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்ற பழமொழியை நம்பிக் கோடிக்கணக்கில் பணம் போடும் தொழில் இது.

அந்தப் பழமொழி அங்கே எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்பதற்கு முதல் இடத்தில் தேர்வானவர்களே சாட்சி. 1966இல் நியூயார்க் மெட்ஸ் முதல் ஆளாக ஸ்டீவ் சில்காட்டை எடுத்தது. அவர் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த இடத்தில் போனவர், பின்னாளில் ஜாம்பவானான ரெஜி ஜாக்சன். 1991இல் நியூயார்க் யாங்கீஸ் 15.5 லட்சம் டாலர் கொடுத்து எடுத்த பிரையன் டெய்லர், 1993 டிசம்பரில் ஒரு கைகலப்பில் தோள் கிழிந்து, கடைசிவரை மேலே வரவே இல்லை.

இனி விதிப்புத்தகம். ஒவ்வோர் அணிக்கும் 40 பேர் கொண்ட ஒரு பட்டியல் உண்டு. அதில் 26 பேர்தான் அன்றாடம் மேஜர் லீக்கில் ஆடுபவர்கள். 40 பேர் பட்டியலில் ஏறிவிட்ட வீரரை அணி தன் விருப்பப்படி மைனர் லீக்குக்கு இறக்கி ஏற்ற, பொதுவாக மூன்று பருவங்கள்தான் அனுமதி. இதற்கு ‘ஆப்ஷன்’ என்று பெயர். மூன்றும் தீர்ந்துவிட்டால், அவரை மறுபடி கீழே அனுப்புவதற்கு முன் மற்ற எல்லா அணிகளுக்கும் “யாருக்காவது வேண்டுமா?” என்று கேட்டாக வேண்டும். அது ‘வெய்வர்’. யாராவது கை தூக்கினால் வீரர் அவர்களுக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால், புள்ளிப்பட்டியலில் கீழே கிடக்கும் அணிக்கே முன்னுரிமை.

இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால், முன்னாள் நட்சத்திரங்கள் ஏன் இருபத்தைந்து, இருபத்தாறு வயதில் சந்தைக்கு வருகிறார்கள் என்பது புரிந்துவிடும். அவர்களுடைய திறமை அந்த வயதில் தீர்ந்துபோகவில்லை; ஆப்ஷன் தீர்ந்துபோயிருக்கிறது. வளர்த்த அணிக்கு இரண்டே வழி: தோற்றாலும் பரவாயில்லை என்று 26 பேரில் ஓர் இடம் கொடுத்து வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். கோப்பைக்குப் போட்டியிடும் அணியால் முதலாவதைச் செய்ய முடியாது. கடைசி இடத்தில் இருக்கும் அணிக்கு அதைச் செய்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

விலையும் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 2024இல் மேஜர் லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,40,000 டாலர். அணிகள் நிரூபித்த ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கும் தொகையோடு ஒப்பிட்டால் அது சில்லறை. பல நேரம் அதுகூடத் தேவையில்லை. மைனர் லீக் ஒப்பந்தம் போட்டு, வசந்த காலப் பயிற்சி முகாமுக்கு வந்து காட்டு என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையான செலவு பணம் இல்லை. அந்த ஒருவர் மட்டை பிடிக்கும் நானூறு ஐந்நூறு முறையும் வேறொருவருக்குக் கிடைக்காத வாய்ப்புகள். அதுதான் செலவு.

இவ்வகைக் கதைகளில் எல்லோரும் முதலில் சொல்வது ஜாஷ் ஹாமில்டனை. சொல்லத்தான் வேண்டும். 1999 டிராஃப்டில் டாம்பா பே அணி அவரை முதல் ஆளாக எடுத்து 39.6 லட்சம் டாலர் கொடுத்தது. வட கரோலினாவின் ராலி நகரத்துப் பையன். ஓட்டம், எறி, அடி என்று எல்லாவற்றிலும் கொழுத்த மதிப்பெண். 2001இல் ஒரு சாலை விபத்து, முதுகில் காயம், ஆட முடியாத நாட்கள். அந்த வெற்று நாட்களில் போதைப் பழக்கம் நுழைந்தது. பிறகு தடைக்கு மேல் தடையாகப் பல பருவங்கள் பேஸ்பாலே இல்லாமல் போயின. 2006இல் திரும்பி வந்து மைனர் லீக்கின் அடிமட்டத்தில் 15 ஆட்டங்கள் ஆடினார். அவ்வளவுதான்.

அந்த டிசம்பரில் டாம்பா பே அவரைத் தன் 40 பேர் பட்டியலில் வைக்கவில்லை. பல வருடம் மைனர் லீக்கில் இருந்தும் அந்தப் பட்டியலில் ஏறாத வீரரை வேறோர் அணி ஒரு சிறு தொகைக்கு எடுத்துக்கொள்ள ‘ரூல் ஃபைவ்’ டிராஃப்ட் என்று ஒரு வழி இருக்கிறது. நிபந்தனை ஒன்று: அடுத்த பருவம் முழுக்க அவரை மேஜர் லீக்கிலேயே வைத்திருக்க வேண்டும், கீழே அனுப்பக் கூடாது. அன்று அதன் விலை 50,000 டாலர். சிகாகோ கப்ஸ் ஹாமில்டனை எடுத்து, கையோடு ஒரு லட்சம் டாலருக்கு சின்சினாட்டி ரெட்ஸிடம் விற்றது.

ரெட்ஸ் எப்படித் துணிந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. அணியின் மேலாளர் ஜெரி நாரனின் அண்ணன் தம்பிகளில் ஒருவரான ஜானி நாரனுக்கு ஹாமில்டனைச் சிறுவயதிலிருந்தே தெரியும். அந்த ஜானியைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்கள். வெளியூர்ப் பயணங்களில் ஹாமில்டனின் சாப்பாட்டுப் படிக்காசுகூட ஜானி கையில்தான் இருந்தது. ஹாமில்டனுக்கு ‘ஸ்விங்’ சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. கையில் காசு இல்லாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அவர் என்ன காரணத்தால் தேறவில்லை என்று ரெட்ஸ் சரியாகக் கண்டுகொண்டிருந்தது. 2007இல் 19 ஹோம் ரன்கள் (பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அடிப்பது). அந்த டிசம்பரிலேயே எடின்சன் வோல்கெஸ் உள்ளிட்ட இரண்டு பிட்சர்களுக்காக (பந்தெறிபவர்கள்) அவரை டெக்சாஸ் ரேஞ்சர்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். 2008இல் அவர் தன் அடிகளால் 130 ஓட்டங்களை உள்ளே கொண்டுவந்து, மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கில் முதலிடம். 2010இல் மட்டைச் சராசரி .359 (ஆயிரம் தடவை மட்டை பிடித்தால் 359 ‘ஹிட்’; பந்தை அடித்து, அவுட் ஆகாமல் ஒரு தளத்தையாவது பிடிப்பதே ‘ஹிட்’), லீக்கின் மிக மதிப்புமிக்க வீரர் விருது.

ரெட்ஸ் ஏமாந்தது என்று சிலர் சொல்வார்கள். வோல்கெஸ் 2008இல் 17 ஆட்டங்களை வென்று கொடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

ரேஞ்சர்ஸ் அதே பாடத்தை இன்னொரு தடவையும் படித்தது. 2004இல் சான் டியேகோ பாட்ரெஸ் முதல் ஆளாக எடுத்த மேட் புஷ் ஒரு ஷார்ட்ஸ்டாப், அதாவது இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று தடுப்பவர். மட்டை ஓடவில்லை. கை மட்டும் பீரங்கி; எனவே பிட்சராக மாற்றினார்கள். அதற்குள் குடியும் வழக்குகளும் சூழ்ந்துகொண்டன. 2012இல் குடிபோதையில் ஒருவரை மோதிவிட்டுச் சென்ற குற்றத்துக்காகச் சிறைக்குப் போய் 2015இல்தான் வெளியே வந்தார். அந்த டிசம்பரில் ரேஞ்சர்ஸ் மைனர் லீக் ஒப்பந்தம் கொடுத்தது. 2016 மே மாதம் முதல் மேஜர் லீக் ஆட்டம். அந்தப் பருவத்தில் 58 ஆட்டங்களில் எறிந்து சராசரி 2.48. ஒன்பது இன்னிங்ஸுக்கு ஒரு பிட்சர் தன் பொறுப்பில் எத்தனை ஓட்டம் விட்டுக்கொடுக்கிறார் என்பதே அந்தச் சராசரி. மூன்றுக்குக் கீழே என்றால் மிக நன்று. பழைய மதிப்பெண் பட்டியலில் மற்றதெல்லாம் அழிந்து ‘கை’ என்ற ஒரு வரி மட்டும் மிச்சமிருந்தது. ரேஞ்சர்ஸ் அந்த வரியைத்தான் வாங்கியது. சிறைக்குப் போன கதையை மன்னிப்பதா வேண்டாமா என்பது தனி விவாதம்; எனக்கு அதில் இன்றுவரை முழுச் சமாதானம் இல்லை.

“பயிற்சியாளர்களுக்குப் பங்கே இல்லையா?” என்று கேட்பீர்கள். உண்டு, குறிப்பாகப் பந்தெறிபவர்களிடம். ஜேக் அரியெட்டா பால்டிமோர் ஓரியோல்ஸில் இருந்தவரை சராசரி ஐந்துக்கு மேல். உடலுக்குக் குறுக்காகக் கை வீசி எறிவது அவர் இயல்பு. அதை நேராக்க அங்கே பாடுபட்டார்கள். 2013 ஜூலையில் கப்ஸுக்குப் போனார். அங்கே அவரை அவர் போக்கிலேயே விட்டார்கள். 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, சராசரி 1.77, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. இதில் புதிதாகக் கற்றுக்கொடுத்ததைவிடப் பழைய தொந்தரவை நிறுத்தியதுதான் பெரிது.

லூகாஸ் ஜியோலிட்டோ கதை நேரெதிர். வாஷிங்டன் நேஷனல்ஸின் பொக்கிஷமாக இருந்து 2016 டிசம்பரில் சிகாகோ ஒயிட் சாக்ஸுக்கு மாற்றப்பட்டவர். 2018இல் சராசரி 6.13, முழுப் பருவம் எறிந்தவர்களில் அதைவிட மோசம் யாரும் இல்லை. குளிர்காலத்தில் கை வீச்சைச் சுருக்கி மாற்றிக்கொண்டார். 2019இல் ஆல்-ஸ்டார், அதாவது லீக்கின் சிறந்தவர்கள் ஆடும் ஆட்டத்துக்குத் தேர்வு. 2020 ஆகஸ்டில் பிட்ஸ்பர்குக்கு எதிராக ஒரு ‘ஹிட்’டும் கொடுக்காமல் முழு ஆட்டத்தையும் முடித்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் கை வீச்சைப் பற்றியே பேசுகிறார்கள். நான் கவனிப்பது 2018ஐ. அவ்வளவு மோசமாக எறிந்தும் ஒயிட் சாக்ஸ் அவரை 32 ஆட்டங்களைத் தொடங்கவிட்டது. அந்த வருடம் அந்த அணி 100 ஆட்டங்களில் தோற்றது. வெல்லும் அணியாக இருந்திருந்தால் ஜூன் மாதமே அவர் டிரிபிள்-ஏக்குப் பஸ் ஏறியிருப்பார்.

இடம் காலியாவது எவ்வளவு தற்செயல் என்பதற்கு கார்லோஸ் பெனாவைவிட நல்ல சாட்சி கிடையாது. 1998இல் முதல் சுற்றில் தேர்வானவர். டெக்சாஸ், ஓக்லண்ட், டெட்ராய்ட், பாஸ்டன் என்று சுற்றியும் எங்கும் நிலைக்கவில்லை. 2007 வசந்தத்தில் டாம்பா பே முகாமில் மைனர் லீக் ஒப்பந்தத்தோடு இருந்தார். முகாமின் முடிவில் அவரைக் கூப்பிட்டு, இடம் இல்லை, கீழே போக வேண்டும் என்று சொல்லியும் விட்டார்கள். அந்த நேரம் பார்த்து கிரெக் நார்ட்டனுக்கு முழங்காலில் காயம். போகச் சொன்னவரை இருக்கச் சொன்னார்கள். அந்தப் பருவத்தில் பெனா அடித்தது 46 ஹோம் ரன், உள்ளே கொண்டுவந்தது 121 ஓட்டங்கள். நார்ட்டனின் முழங்கால் இன்னொரு வாரம் தாங்கியிருந்தால்? அணியின் அறிக்கைகளில் அந்த முழங்காலுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

2025இல் மில்வாக்கியில் அதே நாடகம். 2019இல் மூன்றாவது ஆளாகத் தேர்வான ஆண்ட்ரூ வான், ஒயிட் சாக்ஸில் அந்தப் பருவம் .189 அடித்துக்கொண்டிருந்தார், அதாவது நூறு தடவை மட்டை பிடித்தால் முழுசாகப் பத்தொன்பது ‘ஹிட்’கூட இல்லை. ஜூனில் மில்வாக்கி பிரூவர்ஸுக்கு மாற்றப்பட்டு, அங்கேயும் முதலில் டிரிபிள்-ஏக்குத்தான் போனார். ஜூலையில் ரீஸ் ஹாஸ்கின்ஸுக்குக் கட்டைவிரலில் சுளுக்கு. வானை மேலே அழைத்தார்கள். முதல் ஆட்டத்திலேயே, முதல் இன்னிங்ஸிலேயே, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் பிட்சர் யமமோட்டோ எறிந்த பந்தை ஹோம் ரன் அடித்தார். பருவ முடிவில் பிரூவர்ஸுக்காக அவர் சராசரி .308.

தோற்கும் அணிகளின் பொறுமைக்கு இன்னொரு சான்று பிரெண்ட் ரூக்கர். 2017இல் மினசோட்டா 35ஆவதாக எடுத்தவர். 2022 ஒரே வருடத்தில் மூன்று அணிகளின் கை மாறி, நவம்பரில் வெய்வர் வழியாக ஓக்லண்டுக்கு வந்தார். 2023இல் ஓக்லண்ட் 112 ஆட்டங்களில் தோற்றது. ரூக்கர் 30 ஹோம் ரன்கள் அடித்தார். அடுத்த வருடம் 39. 2016இன் முதல் தேர்வான மிக்கி மோனியாக்கும் இதே ரகம்: 2025 மார்ச்சில் ஏஞ்சல்ஸ் விடுவித்ததும் கொலராடோ ராக்கீஸ் எடுத்தது, 24 ஹோம் ரன் அடித்தார். ராக்கீஸின் ஊரான டென்வர் ஒரு மைல் உயரத்தில் இருக்கும் நகரம். மெல்லிய காற்றில் பந்து கூடுதல் தூரம் பறக்கும் என்பதால் அங்கே அடித்ததை நான் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எண்ணுவேன்.

இதுவரை வென்றவர்களையே சொல்லிவிட்டேன். இந்தக் கதைகளின் ஆபத்தே அதுதான். ஜாரெட் கெலெனிக்கைப் பாருங்கள். 2018இல் ஆறாவதாக மெட்ஸ் எடுத்தது, சில மாதங்களில் சியாட்டிலுக்கு மாற்றியது. மேஜர் லீக்கில் முதல் வருடம் .181, அடுத்த வருடம் .141. 2023இல் நன்றாகத் தொடங்கி, ஜூலையில் கோபத்தில் தண்ணீர் டிரம்மை உதைத்துக் காலை உடைத்துக்கொண்டார். அந்த டிசம்பரில் அட்லாண்டா பிரேவ்ஸ், வேண்டாத சில சம்பளச் சுமைகளையும் தலையில் ஏற்றுக்கொண்டு அவரை வாங்கியது. 2024இல் .231. 2025 தொடங்கிய சில வாரங்களில் மைனர் லீக்குக்கு அனுப்பிவிட்டார்கள். பழைய குருடி கதவைத் திறடி.

நிக் சென்செல் 2016இல் இரண்டாவது தேர்வு. சின்சினாட்டி விட்டதும் 2024இல் வாஷிங்டன் 20 லட்சம் டாலருக்கு எடுத்தது, ஜூலையில் விடுவித்தது. 2013இன் முதல் தேர்வான மார்க் அப்பெல் 63.5 லட்சம் டாலர் வாங்கியவர். ஹூஸ்டன் அவரை எடுத்ததால் அடுத்த இடத்தில் கப்ஸுக்குக் கிடைத்தவர், பின்னாளில் நட்சத்திரமான கிறிஸ் பிரையண்ட். அப்பெல் 2018இல் ஆட்டத்தையே விட்டார், 2021இல் திரும்பி வந்தார், 2022 ஜூனில் முப்பது வயதில் ஃபிலடெல்பியாவுக்காக முதல் முறை மேலே எறிந்தார். அரங்கமே எழுந்து நிற்க வேண்டிய கதைதான். ஆனாலும் மொத்தம் ஆறே ஆட்டங்கள்.

விட்டுக்கொடுத்த அணியை முட்டாள் என்று சொல்வதிலும் அவசரப்படக் கூடாது. 2011 ஜூலையில் ரேஞ்சர்ஸ் கிறிஸ் டேவிஸையும் டாமி ஹன்டரையும் பால்டிமோருக்குக் கொடுத்து பிட்சர் கோஜி உயெஹாராவை வாங்கியது. அந்த வருடம் ரேஞ்சர்ஸ் மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போகும் நிலையில் இருந்தது, போகவும் செய்தது. டேவிஸுக்குக் காத்திருக்க அவர்களுக்கு நேரம் இல்லை. தோற்றுக்கொண்டிருந்த பால்டிமோருக்கு இருந்தது. 2013இல் டேவிஸ் 53 ஹோம் ரன்கள் அடித்தார். பிறகு பால்டிமோர் அவருக்கு ஏழு வருடத்துக்கு 16.1 கோடி டாலர் எழுதிக்கொடுத்தது. 2018இல் அவர் சராசரி .168. மலிவாக எடுத்தபோது கிடைத்த லாபம் முழுவதும் அந்த ஒப்பந்தத்தில் கரைந்தது.

ஆகவே ஓர் அணி இப்படி ஒருவரை எடுக்கும்போது, அவர் பழைய தரவரிசையில் எத்தனையாவது என்று நான் பார்ப்பதில்லை. அவருக்கு எந்த இடம் காலியாக இருக்கிறது, முதல் இரண்டு மாதம் மோசமாக ஆடினாலும் அந்த இடம் அவருக்கே இருக்குமா என்று பார்க்கிறேன். இதை ஒரே ஆளிடம் இருபக்கமும் காட்டுகிறது குராசாவ் தீவின் ஜூரிக்சன் புரோஃபார் கதை. 2012 செப்டம்பரில், 19 வயதில், முதல் தடவை மட்டை பிடித்தபோதே ஹோம் ரன். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் பேஸ்பால் அமெரிக்கா இதழின் இளம் வீரர் பட்டியலில் முதலிடம். பிறகு தோள் காயம். 2014, 2015 இரண்டு வருடமும் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட இல்லை. அதன் பின் டெக்சாஸ், ஓக்லண்ட், சான் டியேகோ, கொலராடோ. 2023 ஆகஸ்டில் கொலராடோ அவரை விடுவித்தது. அந்தக் குளிர்காலத்தில் சான் டியேகோ மைதானத்தின் இடதுபுறத்தில் நின்று ஆடும் தன் வீரர் ஹுவான் சோட்டோவை யாங்கீஸுக்குக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தை நிரப்ப ஆள் இல்லாமல் நின்றது. புரோஃபாரை 10 லட்சம் டாலர் அடிப்படைச் சம்பளத்துக்கு எடுத்தது. 31 வயதில் அவர் அடித்தது .280, 24 ஹோம் ரன், உள்ளே கொண்டுவந்தது 85 ஓட்டங்கள். முதல் முறையாக ஆல்-ஸ்டார்.

2025 ஜனவரியில் அட்லாண்டா அவருக்கு மூன்று வருடத்துக்கு 4.2 கோடி டாலர் கொடுத்தது. மார்ச் 31 அன்று, பருவத்தின் நான்கே ஆட்டங்கள் முடிந்திருந்த நிலையில், தடை செய்யப்பட்ட பொருள் சோதனையில் தெரியவந்ததால் அவருக்கு 80 ஆட்டங்கள் தடை விழுந்தது.